தோற்ற ஊர் தந்த விடுதலை

ஏதென்ஸிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில், கொரிந்து கால்வாயைத் தாண்டியதுமே வலப்பக்கம் கடல் வந்துவிடுகிறது. அதன்பிறகு பத்ராஸ் நகரை நெருங்கும்வரை அது பேருந்தை விட்டு விலகுவதே இல்லை. அக்கரையில் மலைகள், இக்கரையில் எலுமிச்சையும் ஒலிவமும். ரியோ என்ற இடத்தில் கடல் குறுகி, நான்கு ராட்சதத் தூண்களிலிருந்து கம்பிகள் தாங்கி நிற்கும் பாலம் நம்மை வடகரைக்குக் கொண்டு சேர்க்கிறது. 2004இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தில் கம்பிகள் தாங்கும் பகுதி மட்டுமே 2,252 மீட்டர் நீளம். பாலம் இறங்கியதும் செங்குத்தான வரசோவா மலை. அதைச் சுற்றிக்கொண்டு போனால் நிலம் சட்டென்று தட்டையாகிவிடுகிறது. மலைநாடு முடிந்து சேறும் உப்பும் நீருமான இன்னொரு நாடு தொடங்குகிறது. அதன் நடுவே இருக்கிறது மிசோலோங்கி.

கிரேக்கத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்கத்தைத் தேடி வருகிறார்கள். பளிங்குத் தூண்களையும் சிலைகளையும் பார்த்துவிட்டுத் தீவுகளுக்குப் படகேறிவிடுகிறார்கள். நான் தேடி வந்தது இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்கத்தை. ஒரு பேரரசின் கீழ் நூற்றாண்டுக்கணக்காகக் கிடந்த ஒரு சிறிய மக்கள்கூட்டம் எழுந்து நின்ற கதையை, அது நடந்த மண்ணிலேயே நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல காலமாக இருந்தது. அந்தக் கதையின் உயிர்நிலை வென்ற போர்க்களங்களில் இல்லை, தோற்ற இந்த ஊரில்தான் இருக்கிறது என்று புத்தகங்களில் படித்திருந்தேன். அதனால் இங்கிருந்தே தொடங்கினேன்.

மிசோலோங்கியின் முகம் கடல் அல்ல, உப்பங்கழி. ஊரிலிருந்து கழிக்குள் நீண்டு செல்லும் சாலையில் நடந்தால் இருபுறமும் ஆழமற்ற நீர். பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. நீருக்குள் கம்பம் நட்டு அதன்மேல் கட்டிய மீனவர் குடில்கள். தூரத்தில் உப்பளங்களின் வெள்ளைக் குவியல்கள்; கிரேக்கத்தின் மிகப்பெரிய உப்பளங்கள் இவை. கரையோரக் கடை ஒன்றில் இந்த ஊரின் பெயர்பெற்ற பண்டத்தைச் சாப்பிடக் கொடுத்தார்கள். மடவை மீனின் சினையைப் பை கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, காயவைத்து, தேன்மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். மெழுகை உரித்துவிட்டு மெல்லிய வில்லைகளாக நறுக்கி ரொட்டியின்மேல் வைத்துத் தந்தார் கடைக்காரர். முதலில் உப்பு, பிறகு ஒரு கசப்பு, கடைசியில் நாக்கில் நெடுநேரம் தங்கும் கடலின் சுவை.

"பெரிய கப்பல் இதற்குள் வராது, ஐயா. அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது" என்று கழியைக் காட்டிச் சொன்னார் அவர். 1825இல் தொடங்கி ஓராண்டு காலம் இந்த ஊரை வளைத்த முற்றுகையின் கதை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஊரைக் காத்ததும் இந்த ஆழமற்ற நீர்தான், கடைசியில் ஊரின் கழுத்தை நெரித்ததும் இதுதான்.

1453இல் கான்ஸ்டான்டிநோபிள் ஒட்டோமான் துருக்கியரிடம் வீழ்ந்தது. அதை அடுத்த சில ஆண்டுகளில் கிரேக்க நிலத்தின் பெரும்பகுதி சுல்தானின் ஆட்சிக்குள் போனது. கிரேக்கக் கிறிஸ்தவர்கள் தலைவரி கட்டினால் தங்கள் மதத்தைக் கடைப்பிடிக்கலாம். ஆனால் முஸ்லிம்களுக்குச் சமமான குடிமக்கள் அல்லர். மலைகளில் ஆட்சிக்கு அடங்காத ஆயுதக்குழுக்கள் எப்போதும் இருந்தன. ஹைத்ரா, ஸ்பெட்சஸ், ப்ஸாரா தீவுகளில் வணிகக் கப்பல்களால் செல்வம் சேர்ந்தது. அந்தச் செல்வத்தோடு ஐரோப்பியப் புத்தகங்களும் பிரெஞ்சுப் புரட்சியின் செய்திகளும் வந்து இறங்கின. பால்கன் மக்கள் அனைவருக்குமான குடியரசைக் கனவு கண்டு எழுதிய ரிகாஸ் 1798இல் பெல்கிரேடில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவர் கனவு சாகவில்லை. 1814இல் கருங்கடல் துறைமுகமான ஒடெஸாவில் ஸ்கூஃபாஸ், க்ஸாந்தோஸ், சாகாலோஃப் என்ற மூன்று பேர் கூடி 'நண்பர்கள் சங்கம்' என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கினார்கள். வணிகர்கள், பாதிரிமார்கள், மாலுமிகள், மலைத்தலைவர்கள் என்று ஏழே ஆண்டுகளில் அது கிரேக்கர்கள் வாழ்ந்த இடமெல்லாம் பரவியது.

1821 மார்ச்சில் பெலோப்பொனீஸ் தீபகற்பம் பற்றி எரிந்தது. பழைய நாட்காட்டிப்படி மார்ச் 23 அன்று தெற்கே கலமாதா விடுவிக்கப்பட்டது. எழுச்சியின் நினைவாக மார்ச் 25 இன்று கிரேக்கத்தின் தேசிய நாள். அதற்குச் சுல்தான் அளித்த பதில் கொடுமையானது. கிளர்ச்சிக்குக் கைகொடுக்காத, மரபுவழித் திருச்சபையின் முதிய குலத்தந்தை ஐந்தாம் கிரிகோரியை ஈஸ்டர் நாளன்று கான்ஸ்டான்டிநோபிளில் அவருடைய இருப்பிடத்தின் வாசலிலேயே தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு கியோஸ் தீவில் ஆயிரக்கணக்கானோர் வெட்டப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் அடிமைச் சந்தையில் விற்கப்பட்டார்கள்.

மிசோலோங்கியின் பழைய மதில் இன்று துண்டுதுண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஆள் உயரத்தைவிடச் சற்றே அதிகமான சுவர். அதன் முன்னே தூர்ந்துபோன அகழி. இதையா ஓராண்டு காலம் ஒட்டோமான், எகிப்திய என இரண்டு படைகளால் உடைக்க முடியவில்லை என்று வியப்பாக இருந்தது. மிகாயில் கொக்கினிஸ் என்ற பொறியாளர் கட்டியது இது. பீரங்கி மேடை ஒவ்வொன்றுக்கும் விடுதலைக்குப் பாடுபட்ட ஒருவரின் பெயரை அவர் வைத்தார். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், போலந்தின் கொஷ்சியூஷ்கோ, நெதர்லாந்தின் ஆரஞ்சு வில்லியம், அல்பேனியரான ஸ்கந்தர்பேக் என்று போகிறது அந்த வரிசை. சேற்று நிலத்தில் மீன்பிடித்து வாழ்ந்த ஒரு சிற்றூர், உலகத்தில் அடிமைத்தனத்தை எதிர்த்த எல்லோரையும் தன் மதிலில் உறவினராக்கிக்கொண்டது. என்னை மிகவும் நெகிழவைத்த செய்தி இது.

ஊருக்குள் ஒரு பத்திரிகையும் இருந்தது. லெஸ்டர் ஸ்டான்ஹோப் என்ற ஆங்கிலேயக் கர்னல் அச்சு இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தார். அவர் அதற்குமுன் இந்தியாவில் பணியாற்றி, அங்கே பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று வாதாடி எழுதியவர். ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்து இந்த ஊர்ப் பெண்ணையே மணந்துகொண்ட யோஹான் யாக்கோப் மேயர் ஆசிரியராக இருந்து, 1824 ஜனவரியில் 'எல்லினிக்கா க்ரோனிக்கா' இதழைத் தொடங்கினார். குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதும் இதழ் வெளிவந்தது. 1826 பிப்ரவரியோடுதான் அது நின்றது. இரண்டு மாதங்களுக்குள் ஆசிரியரும் மடிந்தார்.

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு இங்கே வந்து இறங்கியது அதே 1824 ஜனவரியில். தன் சொத்திலிருந்து படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட தலைவர்களைச் சமாதானப்படுத்த முயன்றார். ஏப்ரல் 19 அன்று காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது 36. அவர் ஒரு போர்க்களத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் சாவு ஐரோப்பாவின் ஒவ்வொரு வரவேற்பறைக்கும் இந்த ஊரின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1825 ஏப்ரலில் ஒட்டோமான் தளபதி ரெஷித் பாஷா பெரும்படையோடு வந்து ஊரை வளைத்தார். மாதக்கணக்காகியும் மதில் விழவில்லை. இதற்கிடையில் சுல்தான் தன் எகிப்திய ஆளுநர் முகமது அலியிடம் உதவி கேட்டிருந்தார். அவர் மகன் இப்ராஹிம், ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற படையோடு பெலோப்பொனீஸில் இறங்கி அதைச் சூறையாடிவிட்டு, அந்த ஆண்டின் முடிவில் மிசோலோங்கிக்கு வந்து சேர்ந்தார்.

மதிலை நேராக உடைக்க முடியாது என்பது இப்ராஹிமுக்கு விரைவிலேயே புரிந்தது. ஊருக்கு அரிசியும் மாவும் வெடிமருந்தும் வருவது கழி வழியாக. கடலில் நிற்கும் கிரேக்கக் கப்பல்களிலிருந்து தட்டையான சிறு படகுகள் அவற்றைக் கொண்டுவந்தன. கழியின் வாயில்களைக் காவல் காப்பவை வாசிலாதி போன்ற சிறு தீவுகள். அடிமட்டம் தட்டையான பீரங்கிப் படகுகளைக் கொண்டுவந்து அந்தத் தீவுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார் அவர். வாசிலாதி விழுந்தது. அண்டை ஊரான அனதோலிகோ சரணடைந்தது. பழைய நாட்காட்டிப்படி 1826 மார்ச் 25 அன்று, எழுச்சியின் ஆண்டு நாளில், க்ளீசோவா என்ற குட்டித் தீவில் மட்டும் நூற்றுச் சொச்சம் பேர் ஒரு சிறிய தேவாலய வளாகத்தில் மண்மேடு போட்டு நின்று, அலையலையாக வந்த படையைச் சேற்றிலேயே தடுத்து நிறுத்தினார்கள். கரையிலிருந்து கைகாட்டி அந்தத் தீவை எனக்குக் காட்டினார்கள். நீரோடு நீராகக் கிடக்கும் ஒரு கீற்று நிலம். அதன்மேல் ஒரு சிறு கோயில்.

அந்த வெற்றி ஊருக்குச் சோறு போடவில்லை. கிரேக்கத் தளபதி மியாவுலிஸின் கடற்படை முயன்றும் முற்றுகையை உடைக்க முடியவில்லை. குதிரை, கழுதை தீர்ந்தபின் நாய், பூனை, எலி. அவையும் தீர்ந்தபின் கழியோரத்தில் முளைக்கும் உப்புச் செடிகளை வேகவைத்துத் தின்றார்கள். சரணடைந்தால் உயிரோடு போகலாம் என்று பாஷாக்கள் ஆள் அனுப்பினார்கள். ஊர் மறுத்தது.

ஏப்ரல் 10, குருத்து ஞாயிறுக்கு முந்திய இரவு. உள்ளே இருந்தவர்கள் சுமார் 10,500 பேர். அவர்களில் ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் 3,500 பேர். அகழியின்மேல் மரப்பாலங்களைப் போட்டு, மூன்று அணிகளாக முற்றுகையைப் பிளந்துகொண்டு மலைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். பெண்கள் பலர் ஆண் உடை அணிந்து கையில் கத்தி எடுத்துக்கொண்டார்கள். அழுது காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்கக் குழந்தைகளுக்கு அபின் கலந்த மருந்து புகட்டப்பட்டது. திட்டம் எப்படியோ எதிரிக்கு எட்டியிருந்தது. பாலத்தின் மறுபக்கம் துப்பாக்கிகள் காத்திருந்தன. நெரிசலின் நடுவே "பின்னால், பின்னால்" என்று யாரோ கூவ, குடும்பங்களோடு வந்தவர்கள் ஊருக்குள்ளேயே திரும்பி ஓடினார்கள். வாளோடு துரத்தியவர்களும் அவர்களோடு ஊருக்குள் நுழைந்தார்கள். மலையைப் போய்ச் சேர்ந்தவர்கள் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. நடக்க முடியாத முதியவர்களையும் நோயாளிகளையும் தன்னோடு வைத்துக்கொண்டு பின்தங்கிய கிறிஸ்தோஸ் கப்சாலிஸ், எதிரிகள் நெருங்கியதும் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்தார்.

இன்று 'வீரர் தோட்டம்' என்று அழைக்கப்படும் இடம் அந்த மதிலை ஒட்டியே இருக்கிறது. பனைகளும் சைப்ரஸ் மரங்களும் நிழல்தர, நடைபாதையின் இருபுறமும் நினைவுக் கற்கள். பெயர் தெரியாதவர்களின் எலும்புகளைச் சேர்த்து மூடிய பெரிய மண்மேட்டின்மேல் புல் முளைத்திருக்கிறது. கிரேக்கர்களுக்காக வந்து மடிந்த பிற நாட்டாருக்கும் கல் உண்டு. பைரனுக்குச் சிலை உண்டு.

நான் அதிக நேரம் நின்றது மார்கோஸ் போத்சாரிஸ் கல்லறையின் முன். 1823இல் கார்பெனிசியில் இரவுத் தாக்குதலில் விழுந்த, சூலியோட்டு என்ற மலைவாழ் மக்களின் தலைவர் அவர். பிரெஞ்சுச் சிற்பி டேவிட் தான்ஜே இந்தக் கல்லறைக்காக ஒரு சிறுமியின் சிலையைச் செய்தார். இப்போது இங்கே இருப்பது அதன் நகல். சிறுமி கல்லின்மேல் கவிழ்ந்து படுத்திருக்கிறாள். அதில் பொறித்திருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். விரல் ஓர் எழுத்தின்மேல் நிற்கிறது. வாளும் இல்லை, கொடியும் இல்லை. தனக்காகச் செத்தவன் யார் என்று இப்போதுதான் படித்துத் தெரிந்துகொள்ளும் ஒரு தலைமுறை; கிரேக்க விடுதலையைப் பற்றி நான் பார்த்த சிலைகளில் இதைவிட உண்மையானது வேறில்லை.

மிசோலோங்கி விழுந்தது, போர் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் அக்ரோபொலிஸும் விழுந்தது. ஆனால் அதற்குள் காற்று திசை மாறிவிட்டிருந்தது. இந்த ஊரின் இடிபாடுகள்மேல் கைவிரித்து நிற்கும் பெண்ணாகக் கிரேக்கத்தை அதே 1826இல் வரைந்தார் பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா. பாரிஸிலும் லண்டனிலும் ஜெனீவாவிலும் நிதி திரட்டினார்கள். அதுவரை சுல்தானின் அதிகாரம் கலையக் கூடாது என்று ஒதுங்கியிருந்த அரசுகள் தங்கள் மக்களின் கோபத்தைக் கணக்கில் எடுக்க வேண்டி வந்தது. ரஷ்யா தனியாக நுழைந்துவிடக் கூடாதே என்ற கவலையும் அவற்றுக்கு இருந்தது. 1827 ஜூலையில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் லண்டனில் உடன்படிக்கை செய்துகொண்டன. அக்டோபர் 20 அன்று நவரினோ விரிகுடாவில் அவற்றின் கூட்டுக் கடற்படை ஒட்டோமான், எகிப்தியக் கப்பல்களை ஒரே பிற்பகலில் அழித்தது. 1830 பிப்ரவரியில் கிரேக்கம் சுதந்திர நாடாக ஏற்கப்பட்டது. வல்லரசுகள் தங்கள் நலனுக்காகத்தான் வந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. அவை வந்தபோது விடுவிப்பதற்கு ஒரு மக்கள்கூட்டம் இன்னும் நின்றுகொண்டிருந்ததே, அதுதான் மிசோலோங்கியின் கொடை.

மறுபடி ரியோ பாலத்தைக் கடந்து, கொரிந்து வழியாகத் தெற்கே நாப்லியோவுக்குப் போனேன். வழியில் தெர்வெனாக்கியா கணவாய். 1822 கோடையில் திராமாலி பாஷாவின் பெரும்படையைத் தியோதோரஸ் கொலொகொத்ரோனிஸ் மடக்கி நொறுக்கிய இடம். பெலோப்பொனீஸின் 'கிழவர்' என்று மக்கள் அன்போடு அழைத்த தளபதி அவர்.

அவர் பெயரோடு சேர்த்தே நினைக்க வேண்டிய இன்னோர் ஊரும் இந்தத் தீபகற்பத்தின் நடுவே இருக்கிறது. அன்றைக்குத் திரிபொலிட்சா, இன்றைக்குத் திரிபோலி. 1821 செப்டம்பரில் கிரேக்கர்கள் அதைப் பிடித்தபோது முஸ்லிம்களும் யூதர்களுமாக ஆயிரக்கணக்கான குடிமக்களைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் விடவில்லை. அந்தக் காட்சியைக் கொலொகொத்ரோனிஸே தன் நினைவுகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கியோஸுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் திரிபொலிட்சாவுக்காகவும் தலைகுனிய வேண்டும். நியாயமான போராட்டம் என்பதால் அதன் பெயரில் செய்த கொலை நியாயமாகிவிடாது. ஒரு விடுதலைப் போரை நேசிக்கிறவர்கள் இதை மற்றவர்களைவிட உரக்கச் சொல்ல வேண்டும்.

நாப்லியோ அழகான ஊர். தலைக்குமேல் வெனிஸ்காரர்கள் கட்டிய பலமிதி கோட்டை, கடலுக்குள் பூர்ஸி என்ற தீவுக்கோட்டை, இடையில் ஓட்டு வீடுகளும் காகிதப்பூக் கொடிகளும். புதிய நாட்டின் தொடக்ககாலத் தலைநகர் இது. இந்த அழகிய சந்துகளில்தான் விடுதலையின் கசப்பான பாடங்களும் நடந்தன. போர் உச்சத்தில் இருந்த 1823க்கும் 1825க்கும் இடையிலேயே தலைவர்கள் தங்களுக்குள் இரண்டு உள்நாட்டுப் போர்களை நடத்தி முடித்திருந்தார்கள். லண்டனில் 1824இலும் 1825இலும் வாங்கிய 28 லட்சம் பவுண்டு கடனில் பாதிக்கும் குறைவாகவே கைக்கு வந்தது. நாடு பிறக்கும் முன்பே கடன் பிறந்துவிட்டது.

புனித ஸ்பிரிதோன் கோயில் மிகச் சிறியது. அதன் வாசல் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குழி. நாட்டின் முதல் ஆளுநர் யோவான்னிஸ் கபோதிஸ்திரியாஸ் 1831 இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு காலை பூசைக்கு வந்தபோது அவரைச் சுட்ட குண்டின் தடம் என்கிறார்கள். ரஷ்யப் பேரரசின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அந்த வாழ்வை விட்டுவிட்டு இந்த வறிய நாட்டைக் கட்டியெழுப்ப வந்தவர். சுட்டவர்கள் துருக்கியர் அல்லர். விடுதலைப் போரில் முன்னின்ற மானி பகுதியின் மாவ்ரோமிக்காலிஸ் குடும்பத்தார். தங்கள் குடும்பத் தலைவரை ஆளுநர் சிறைவைத்த கோபம் அவர்களுக்கு.

அதன்பிறகு வல்லரசுகள் ஓர் அரசரை அனுப்பின. பவேரியாவின் ஓத்தோ, வயது பதினேழு. அவருக்காக ஆட்சி நடத்திய பிரதிநிதிகள் 1834இல் கொலொகொத்ரோனிஸ்மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்த கட்டடம் இன்றும் இருக்கிறது. மசூதியாகக் கட்டப்பட்டு, போர்க்காலத்தில் கிரேக்கரின் முதல் நாடாளுமன்றமாக இருந்த கல் மண்டபம் அது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் மரண தண்டனை என்றார்கள். பொலிசோயிதிஸ், தெர்செதிஸ் என்ற இருவரும் சாட்சியம் போதாது என்று கையெழுத்திட மறுத்தார்கள். ராணுவத்தினர் அவர்களை இழுத்துவந்து இருக்கையில் உட்காரவைத்தார்கள். அப்போதும் அவர்கள் கையெழுத்திடவில்லை. தண்டனை சிறைவாசமாகக் குறைந்து, மறு ஆண்டு கிழவர் விடுதலையானார். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தெர்செதிஸ் அந்தக் கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அவருடைய வாழ்க்கையை எழுதி முடித்தார். கிரேக்கப் போரின் மிக முக்கியமான நினைவு நூல்களில் ஒன்று இப்படித்தான் கிடைத்தது.

நாப்லியோவிலிருந்து பார்த்தால் அதன் வளைகுடாவின் எதிர்க்கரையில் மீலி என்ற சிற்றூர் தெரிகிறது. 1825இல் இப்ராஹிமின் படை நாப்லியோவை நெருங்கியபோது அதை அங்கே தடுத்தவர்களில் ஒருவர் யோவான்னிஸ் மக்ரியானிஸ். ஏழைக் குடும்பம், பள்ளிக்கூடம் போகாதவர். போர் ஓய்ந்தபின் முப்பது வயதுக்குமேல் எழுத்துப் பழகி, 1829இல் ஆர்கோஸில் தன் நினைவுகளை எழுதத் தொடங்கினார். வாள் பிடித்த கை பேனாவைப் பிடித்ததற்குக் காரணம் எளிது. போரில் உடல் ஊனமானவர்களும் விதவைகளும் தெருவில் பிச்சையெடுக்க, வெளியிலிருந்து வந்தவர்கள் அதிகாரத்தில் இருந்தார்கள். அதை யாராவது எழுதிவைக்க வேண்டியிருந்தது.

ஏதென்ஸுக்குத் திரும்பியதும் சிந்தக்மா சதுக்கத்துக்குப் போனேன். எதிரே மஞ்சள் நிறத்தில் நிற்கும் நாடாளுமன்றம், ஓத்தோவுக்காகக் கட்டிய அரண்மனை. 1843 செப்டம்பர் 2க்கும் 3க்கும் இடைப்பட்ட இரவு, மக்ரியானிஸும் அவர் தோழர்களும் திட்டமிட்டபடி, கலெர்கிஸ் தலைமையில் படையும் பின்னால் மக்களும் இதன்முன் திரண்டு அரசியலமைப்புச் சட்டம் கேட்டார்கள். விடியும்வரை அவர்கள் நகரவில்லை. அரசர் இணங்கினார், 1844இல் சட்டம் வந்தது. சிந்தக்மா என்றால் அரசியலமைப்பு; சதுக்கத்தின் பெயரே அதன் நினைவுதான்.

கிரேக்கரின் போராட்டத்தை 1821இல் தொடங்கி 1830இல் முடிப்பது பாடப்புத்தகங்களின் வசதி. புதிய எல்லைக்கு வெளியே விடப்பட்ட தெசாலி 1881இலும், கிரீட் 1913இலும், ரோட்ஸ் உள்ளிட்ட தீவுகள் 1947இலும்தான் நாட்டோடு சேர்ந்தன. எல்லைக்குள்ளும் அரசரிடமிருந்து, கடன்காரர்களிடமிருந்து, தங்கள் சொந்தத் தலைவர்களின் பகையிலிருந்து என்று மக்கள் விடுதலையைத் திரும்பத் திரும்ப மீட்க வேண்டியிருந்தது. பேரரசு வெளியேறுவது பாதி வேலை. கையெழுத்திட மறுக்கும் நீதிபதியும், எழுதப் பழகும் போர்வீரரும், அரண்மனை முன் நின்று சட்டம் கேட்கும் கூட்டமும் மீதிப் பாதியைச் செய்கிறார்கள். மிசோலோங்கியில் அந்த இரவு பாலத்தைக் கடந்தவர்கள் எந்த நாட்டுக்காகக் கடந்தார்களோ, அந்த நாட்டை உண்டாக்கியவர்கள் இவர்களும்தான். இருவரையும் ஒரே மரியாதையோடு நினைக்கத் தெரிந்த மக்களிடம்தான் விடுதலை தங்கும் என்று நம்புகிறேன்.